இருபத்துமூன்றரை மணித்தியாலம்

ஊர்காவற்றுறையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெனீற்றாவின் ரெலிபோன் கடை இருந்தது. சமாதான ஒப்பந்தம் வந்த 2002ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திறந்த கடை. ஒரு மேசை, ஒரு ரெலிபோன், மூன்று பிளாஸ்டிக் கதிரை, பலகையடித்து மறைத்த ஒரு கூடு. கூட்டுக்குள் நின்று கதைத்தால் வெளியில் கேட்காது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். கேட்கும். கேட்டதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, அதனால் ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள்.

அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. தமையன் கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போகிறவர். வீடு கடைக்குப் பின்னாலேயே. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் இரண்டு தரம் சோதனை எடுத்து இரண்டு தரமும் கணக்குப் பாடத்தில் விழுந்தவள். ஆனால் எந்த நாட்டில் இப்போது என்ன நேரம் என்று கேட்டால், சுவரைப் பார்க்காமலே சொல்லுவாள். சுவரில் அவளே எழுதித் தொங்கவிட்ட மட்டையில் லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ எல்லாவற்றுக்கும் எத்தனை மணித்தியாலம் கழிக்க வேண்டும் என்று இருந்தது. “இப்ப அங்கை விடியப்புறம் நாலு மணி, பெடியனை எழுப்பாதேங்கோ. பின்னேரம் வாங்கோ” என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது திருப்பி அனுப்புவாள்.

வீதி திறந்து, கொழும்புக்குப் பஸ் ஓடத் தொடங்கியதும் ஆட்கள் பிள்ளைகளிடம் போக வெளிக்கிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு ஏஜென்சி ரிக்கற் போட்டுக் கொடுக்கும். தீவுப் பகுதி ஆட்கள் ஒவ்வொரு விசயத்துக்கும் யாழ்ப்பாணம் போக முடியாதென்பதால், பாஸ்போட் கொப்பியும் ரிக்கற்றும் ஜெனீற்றாவின் கடையால்தான் போய் வந்தன. அப்படித்தான் சரவணையிலிருந்து மனோகரி அம்மா வந்தார்.

மனோகரி அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. கணவர் வைத்திலிங்கம், புகையிலையும் வெங்காயமும் செய்கிற கமக்காரர். ஒரே மகன் சுஜிதன் தொண்ணூற்றொன்றில் போனவன், ரொறன்ரோவில் கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகள். பேரப்பிள்ளைகளை அவர் படத்தில்தான் கண்டிருந்தார். மகன் ஆறு மாத விசா எடுத்து அனுப்பியிருந்தான். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமென்று வைத்திலிங்கம் நின்றுவிட, அவர் தனியாகப் போவதாக முடிவு.

2003 தை மாதம் ரிக்கற் வந்த அன்று அவர் கடைக்குள் ஏறவில்லை. வாசற்படியில் நின்றபடியே வாங்கினார். ஜெனீற்றா கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ அம்மா, வெயிலுக்கை வந்திருக்கிறியள், தண்ணி தரட்டோ?” என்றாள்.

“வேண்டாம் பிள்ளை. நான் வெளியிலை ஒண்டும் குடிக்கிறேல்லை.”

பக்கத்தில் நின்ற வைத்திலிங்கம் வேலியைப் பார்த்தார். ஜெனீற்றாவுக்கு அது புதிதில்லை. கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள்.

“பிள்ளை, இது எத்தினை மணித்தியாலம் போகும்?” என்று மனோகரி அம்மா கேட்டார். “அவங்கள் தாற சாப்பாடு எனக்குச் சரிவராது. மாட்டிறைச்சி சமைக்கிற சட்டியிலைதான் எல்லாம் சமைப்பாங்களாம்.”

ஜெனீற்றா ரிக்கற்றைப் பார்த்தாள். கொழும்பிலிருந்து விடியப்புறம் இரண்டரைக்கு வெளிக்கிடுகிறது. லண்டனில் மாறி, அன்றைக்கே பின்னேரம் மூன்று மணிக்கு ரொறன்ரோவில் இறங்குகிறது. விரலை மடித்து எண்ணினாள்.

“பன்னிரண்டரை மணித்தியாலம் அம்மா.”

மனோகரி அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானோ? கந்தசட்டிக்கு ஆறு நாள் இருக்கிறனான். பன்னிரண்டு மணித்தியாலம் எனக்கு ஒரு காசுக்குக் காணாது.”

கதலிப்பழம் நாலும் ஒரு போத்தல் தண்ணியும் போதும் என்று அந்தப் படியிலேயே முடிவெடுத்தார். சலரோகம் என்கிற சீனி வருத்தத்துக்கான குளிசையை வழக்கமான நேரத்துக்குப் போட்டுக்கொள்வதென்றும்.

அந்தப் பயணத்தில் நடந்ததை ஜெனீற்றா பிறகுதான் துண்டு துண்டாக அறிந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாலு மணித்தியாலம் முன்னுக்கே போயிருந்ததால் மனோகரி அம்மா அங்கேயே பசித்துப் போனார். விமானத்தில் வந்த தட்டுகளைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். குளிசையை நேரத்துக்குப் போட்டார். லண்டனில் இறங்கியபோது அவருடைய கைமணிக்கூட்டில் பகல் ஒன்றேமுக்கால். பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது, இனி ஒரு மணித்தியாலம்தான் என்று கடைசிப் பழத்தையும் சாப்பிட்டார். சுவரிலிருந்த மணிக்கூடு காலை ஏழேமுக்கால் என்று காட்டியது. அது பழுதாக்கும் என்று நினைத்தார். அடுத்த விமானத்துக்கு நாலேகால் மணித்தியாலம் இருக்க வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் சொன்ன பாசை அவருக்கு விளங்கவில்லை. மூன்று மணித்தியாலம் போனபின் கை நடுங்கியது, வேர்த்தது, கண் இருட்டியது. எழும்பி யாரையோ கூப்பிடப் போனவர் விழுந்துவிட்டார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சுஜிதன் கடைக்கு எடுத்த அழைப்பை ஜெனீற்றா வேறு யாருக்கோ வந்ததென்று நினைத்துத்தான் எடுத்தாள்.

“பன்னிரண்டரை மணித்தியாலம் எண்டு சொன்னது நீரோ?”

“ஓம் அண்ணை.”

“எந்தக் கணக்கிலை சொன்னனீர்? இருபத்துமூண்டரை மணித்தியாலம். அவ்வளவுக்கும் நாலு வாழைப்பழம். சீனி இறங்கி மனிசி செத்துப்போகப் பாத்துது, தெரியுமோ?”

அவன் வைத்தபின்னும் றிசீவர் கொஞ்ச நேரம் அவள் கையில் இருந்தது. நிமிர்ந்தபோது சுவரில் மட்டை தொங்கியது. ரொறன்ரோ, பதினொரு மணித்தியாலம் பின்னுக்கு. அவளுடைய கையெழுத்து. பன்னிரண்டரையும் பதினொன்றும் இருபத்துமூன்றரை. ஒவ்வொரு நாளும் பத்துப் பேருக்குச் சொல்லுகிற அந்தப் பதினொன்றை ரிக்கற்றில் இருந்த நேரத்தோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. ரிக்கற்றில் போட்டிருந்த இரண்டரை எங்களுடைய நேரம், மூன்று மணி அவர்களுடைய நேரம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வைத்திலிங்கம் சைக்கிளில் வந்தார். அவர் சத்தம் போடுவாரென்று ஜெனீற்றா எழும்பி நின்றாள். அவர் சத்தம் போடவில்லை.

“நீர் வேணுமெண்டு செய்யேல்லை. அது எனக்குத் தெரியும்,” என்றார். “ஆனா தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம். நான் வேறை ஆரிட்டையும் கேட்டிருப்பன்.”

“எனக்குத் தெரியுமெண்டுதான் ஐயா நினைச்சனான்.”

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேலணையில் இருந்த ஒரு கடையிலிருந்துதான் மகனோடு கதைத்தார்.

மூன்று கிழமை ஜெனீற்றா ஒருவருக்கும் நேரம் சொல்லவில்லை. கேட்டவர்களை ஏஜென்சியில் கேட்கச் சொன்னாள். கிறிஸ்தோப்பர் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்: “கடையைப் பூட்டப் போறியோ?”

“தெரியேல்லை.”

“நான் ஒருக்கா எழுவைதீவு எண்டு நினைச்சு அனலைதீவிலை போய் ஏறினனான். அதுக்குப் பிறகு வள்ளத்தை வித்தனானோ?”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் ஏஜென்சிக்கு ரெலிபோன் எடுத்து, கொழும்பிலிருந்து லண்டனுக்கு எத்தனை மைல், விமானம் ஆகாயத்தில் எத்தனை மணித்தியாலம், லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஐயாயிரத்து நானூறு மைல், பதினொன்றேகால் மணித்தியாலம். மூவாயிரத்து ஐந்நூறு மைல், எட்டு மணித்தியாலம். நடுவில் நாலேகால் மணித்தியாலம் காத்திருப்பு. கூட்டினாள். இருபத்துமூன்றரை. பிறகு ரிக்கற்றில் இருந்த இரண்டு நேரத்தையும் எங்கள் நேரத்துக்கு மாற்றிக் கழித்தாள். அதுவும் இருபத்துமூன்றரை. இரண்டு வழியால் போயும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

திரும்பி வருகிற பயணத்தையும் கேட்டாள். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு ஏழு மணித்தியாலம்தான் என்றார்கள். போக எட்டு, வர ஏழு. ஏஜென்சிக்காரருக்கே ஏனென்று தெரியவில்லை. கிறிஸ்தோப்பருக்கு அது ஒரு புதினமாகவே படவில்லை.

“மேலையும் காத்து இருக்கும்தானே,” என்றார். “சோழகத்துக்கு எதிராய்ப் போறதும் சோழகத்தோடை வாறதும் ஒண்டோ?”

அன்றிலிருந்து ஜெனீற்றா ஒரு பழக்கம் வைத்தாள். யார் பயணம் போனாலும், முழுப் பயணத்தையும் எங்கள் நேரத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள். விமானம் எத்தனை மணிக்கு எழும்பும், எப்போது இறங்கும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மொத்தம் எத்தனை மணித்தியாலம். கடைசியில் ஒரு வரி: ‘பிள்ளையின்ரை வீட்டுக்குப் போய்ச் சேருமட்டும் கைமணிக்கூட்டைத் திருப்ப வேண்டாம்.’ மருந்து எடுப்பவர்களானால் அந்தத் தாளைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டாமல் ரிக்கற்றைக் கையில் கொடுக்கமாட்டாள். சிலர் எரிச்சல்பட்டார்கள். அவள் விடவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை வைத்திலிங்கத்தின் சைக்கிள் மறுபடி கடைக்கு முன்னால் நின்றது. இந்தத் தரம் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“மனிசி வரமாட்டனெண்டு நிக்கிறா,” என்றார். “வர ஆசை. அழுகிறா. ஆனா ஏறப் பயம். விசா அடுத்த மாதத்தோடை முடியுது. பெடியன், அம்மா இனி இஞ்சையே இருக்கட்டும், நான் அலுவல் பாக்கிறன் எண்டுறான். நான் இஞ்சை தனிய என்ன செய்யிறது?”

துண்டில் மகன் சொன்ன பயண நேரம் இருந்தது. திங்கட்கிழமை இரவு பத்தரைக்கு ரொறன்ரோவில் வெளிக்கிட்டு, புதன்கிழமை காலை ஆறேமுக்காலுக்குக் கொழும்பு.

“அவ எண்ணிப் பாத்திட்டா. முப்பத்திரண்டேகால் மணித்தியாலம். பன்னிரண்டெண்டு சொன்னதுக்கே விழுந்தனான், முப்பத்திரண்டுக்கு என்னைப் பெட்டியிலைதான் இறக்குவியள் எண்டுறா.”

ஜெனீற்றா தாளை எடுத்தாள். ரொறன்ரோவில் அப்போது கோடைகால நேரம். எங்களுக்குப் பத்து மணித்தியாலம் பின்னுக்கு. இரண்டு வழியாலும் போட்டாள். பிறகு இன்னொரு தாளில் புதிதாகப் போட்டாள். வைத்திலிங்கம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்திரண்டேகால் இல்லை ஐயா. இருபத்திரண்டேகால்.”

“என்ன பிள்ளை இது? போகேக்கை பன்னிரண்டரையை இருபத்துமூண்டரை ஆக்கினீர். வரேக்கை முப்பத்திரண்டை இருபத்திரண்டு ஆக்கிறீர். தூரம் ஒண்டுதானே?”

“தூரம் ஒண்டுதான். ஒன்பதினாயிரம் மைல். மணிக்கூடுதான் வேறை வேறை.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஐயா, தொண்ணூற்றாறிலை அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது ஞாபகமோ? பழைய நேரம், புது நேரம் எண்டு சனம் குழம்பினது?”

“ஓம். கோயில்லை ஒரு நேரம், கந்தோரிலை ஒரு நேரம்.”

“அப்ப நீங்கள் புகையிலைக்குத் தண்ணி இறைக்க எடுத்த நேரம் கூடினதோ, குறைஞ்சதோ?”

“அதெப்பிடிக் கூடும்? இரண்டு மணித்தியாலமெண்டால் இரண்டு மணித்தியாலம்தான்.”

“பழைய நேரத்திலை தொடங்கிப் புது நேரத்திலை முடிச்சிருந்தால்?”

வைத்திலிங்கம் ரிக்கற் நேரம் இருந்த துண்டை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, விரலால் ஒன்று, இரண்டு என்று தொட்டு எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார்.

“அங்கை இருந்து வெளிக்கிடேக்கை ஒரு நேரம், இஞ்சை வந்து இறங்கேக்கை இன்னொரு நேரம்,” என்றார் மெதுவாக. “உதைத்தான் அவ சேத்து எண்ணியிருக்கிறா.”

“நானும் அதைத்தான் செய்தனான், தை மாதம்.”

“அதுதான் உம்மட்டை வந்தனான். பிழை விட்ட ஆள் ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கும்.” அவர் எழும்பினார். “இதை அவவுக்கு நீர்தான் சொல்ல வேணும். நான் சொன்னால் நம்பமாட்டா.”

கூட்டுக்குள் போகாமல் மேசையிலிருந்தபடியே எண்ணை அழுத்தினாள். சுஜிதன்தான் எடுத்தான். அவள் பெயரைச் சொன்னாள். “அம்மாட்டைக் குடுக்கிறன்,” என்று மட்டும் சொன்னான்.

“அம்மா, நான் ஊர்காவற்றுறை ஜெனீற்றா. பன்னிரண்டரை எண்டு சொன்னது நான்தான்.”

“தெரியும் பிள்ளை.”

“என்னிலை சரியான கோவமாய் இருந்திருப்பியள்.”

“கோவிக்க எங்கை பெலன் இருந்தது? பசி.” அவர் மூச்சு விடுவது கேட்டது. “அந்த ஆஸ்பத்திரியிலை ஒரு நேர்ஸ் பிள்ளை, உன்ரை வயதுதான் இருக்கும், என்ரை தலையை மடியிலை வைச்சு ஏதோ பருக்கினாள். தோடம்பழச் சாறெண்டுதான் நினைக்கிறன். பிறகு கரண்டியாலை என்னவோ ஊட்டினாள். என்னெண்டு நான் கேக்கேல்லை.”

ஜெனீற்றா தாளை எடுத்தாள்.

“அம்மா, எழுதுறதுக்கு ஏதும் இருக்கோ? நான் ஒவ்வொண்டாய்ச் சொல்லுறன். உங்கடை கைமணிக்கூட்டிலை இப்ப என்ன நேரம், கனடா நேரமோ?”

“ஓம்.”

“அதைத் திருப்பாதேங்கோ. கொழும்பிலை ஐயாவைக் காணுமட்டும் கனடா நேரத்திலையே இருக்கட்டும். மணிக்கூட்டிலை இரவு பத்தரைக்கு எழும்பும். விடியக்காலமை ஐஞ்சரைக்கு லண்டன். அங்கை வெளியிலை வெயில் எறிக்கும், பயப்பிடாதேங்கோ, உங்களுக்கு ஐஞ்சரைதான். பத்து மணிமட்டும் இருக்க வேணும். அதுக்குள்ளை கட்டாயம் சாப்பிட வேணும். பத்துக்கு மற்ற பிளேன். இரவு எட்டேமுக்காலுக்குக் கொழும்பு. அவ்வளவுதான் அம்மா. ஒரு இரவும் ஒரு பகலும்.”

“இரவு வெளிக்கிட்டு அடுத்த நாள் இரவு?”

“உங்கடை மணிக்கூட்டிலை இரவு. கொழும்பிலை விடிஞ்சிருக்கும்.”

மனோகரி அம்மா எல்லாவற்றையும் கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் எழுதினார். ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசித்துக் காட்டினார். மருந்தை எப்போது எடுப்பதென்று கேட்டதற்கு, “அதை நான் சொல்லமாட்டன் அம்மா. இந்தத் தாளை டொக்டரட்டைக் காட்டுங்கோ. மணித்தியாலம் என்ரை பொறுப்பு, மருந்து அவரின்ரை பொறுப்பு” என்றாள். சைவச் சாப்பாடு வேண்டுமென்று முன்கூட்டியே சொன்னால் தனியாகத் தருவார்கள் என்பதைச் சுஜிதனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு, “ஏஜென்சிக்காரனும் இப்பிடி ஒண்டும் சொல்லேல்லை” என்றான். கோபம் தணிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் வைக்கும்போது “தாங்ஸ்” என்றான்.

அந்தப் புதன்கிழமை ஜெனீற்றா காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிட்டாள். வைத்திலிங்கம் இரண்டு நாள் முன்னரே பஸ்ஸில் கொழும்பு போயிருந்தார். ஆறேமுக்கால் ஆனது. ஏழு, ஏழரை. பஸ்ஸுக்கு நின்ற ஆசிரியை ஒருத்தி உள்ளே வந்து ஏதோ கேட்டதற்கு ஜெனீற்றா மாறிப் பதில் சொன்னாள். எட்டு மணிக்குக் கிறிஸ்தோப்பர் தேத்தண்ணியோடு வந்து, மற்றக் கதிரையில் இருந்தார். எட்டு மணி பத்துக்கு ரெலிபோன் அடித்தது.

“வந்திட்டா பிள்ளை,” என்றார் வைத்திலிங்கம். பின்னால் விமான நிலையத்து இரைச்சல். “நடந்து வாறா! வண்டில் தள்ளிக்கொண்டு நடந்து வாறா!”

ஜெனீற்றா அழுததைக் கண்டு கிறிஸ்தோப்பர் முதலில் வேறுமாதிரி நினைத்துப் பயந்துபோனார்.

பத்து நாள் கழித்து மனோகரி அம்மா கடைக்கு வந்தார். படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, கதிரையில் இருந்து, கைப்பையிலிருந்து அந்தக் கலண்டர் தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனையால் சரி போட்டிருந்தது. சில இடத்தில் ஏதோ எழுதியும் இருந்தது.

“மணித்தியாலம் எல்லாம் சரி,” என்றார். “கொழும்பிலை மட்டும் இருவது நிமிசம் பிந்தினது. அதை விடுவம். ஆனா பிள்ளை, நீர் சொல்லாமல் விட்டது கனக்க. லண்டனிலை ஒரு கட்டடத்திலை இருந்து மற்றதுக்குப் பஸ்ஸிலை போக வேணும், அதுக்கே முக்கால் மணித்தியாலம். அதைச் சொல்லேல்லை. பிளேன் இறங்கேக்கை காது வெடிக்கிறமாதிரி நோகும், மெண்டு விழுங்கினால் விடும். சொல்லேல்லை. கக்கூசுக் கதவைத் தள்ளக்கூடாது, நடுவிலை பிடிச்சு அமத்த வேணும். நான் பத்து நிமிசம் வெளியிலை நிண்டனான், உள்ளை ஆளிருக்கெண்டு நினைச்சு.”

“எனக்கு எப்பிடியம்மா தெரியும்? நான் பிளேனைக் கிட்டக் கண்டதேயில்லை.”

“அப்ப என்னட்டைக் கேளும்.” சொல்லிவிட்டு அவர் கடையின் பின்கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே குசினியிலிருந்து விறகுப் புகை வந்துகொண்டிருந்தது. “தேத்தண்ணி ஊத்திறியளோ? எனக்குச் சீனி போடாமல்.”

ஜெனீற்றா எழும்பி உள்ளே போனாள். நல்ல கோப்பையைத் தேடுவதற்குக் கொஞ்சம் நேரமெடுத்தது.

அதற்குப் பிறகு மூன்று வருசம் புதன்கிழமைகளில் மனோகரி அம்மா கடைக்கு வருவார். பயணம் போக இருக்கிறவர்களை ஜெனீற்றா அன்றைக்கு வரச் சொல்லுவாள். அவள் மணித்தியாலத்தை எழுதுவாள், அவர் மற்றதைச் சொல்லுவார். பட்டியைப் பூட்டுவது எப்படி, ஓடுகிற படியில் எந்தக் காலை முதலில் வைப்பது, பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரன் நித்திரையில் தோளில் சாய்ந்தால் என்ன செய்வது. கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் சிரித்துச் சிரித்துப் பயத்தை மறந்துவிடுவார்கள். “சாப்பிடாமல் மட்டும் இருக்காதேங்கோ” என்று முடிப்பார். “நான் ஆசாரம் பாத்து லண்டனிலை நிலத்திலை கிடந்தனான்.” போனவர்கள் இறங்கியதும் கடைக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென்பது சட்டம். நூற்று நாற்பது பேருக்கு மேல் அந்தத் தாளோடு போனார்கள். வழியில் விழுந்தவர் ஒருவருமில்லை.

2006 சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டை மறுபடி அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. சுவர் மட்டையை ஜெனீற்றா புதிதாக எழுதினாள். ஆவணியில் சண்டை தொடங்கி வீதி பூட்டுப்பட்டது. ரெலிபோனும் பல மாதம் ஊமையாகக் கிடந்தது. மூன்று கதிரையையும் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டு அவள் தமையனின் வலையிலிருந்து மீனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். மனோகரி அம்மா மட்டும் புதன்கிழமைகளில், சோதனைச் சாவடி விட்டால், வருவார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

2007இல் ரெலிபோன் திரும்ப வந்தது. வந்த முதல் மாதமே எழுவைதீவிலிருந்து கத்தரீனா என்றொரு அம்மா வந்தார். அறுபத்துநாலு வயது, மெலிந்த, உரத்துப் பேசுகிற மனுசி. மகளுக்கு ரொறன்ரோவில் ஆவணியில் முதற்பிள்ளை பிறக்க இருந்தது. மாப்பிள்ளை அங்கிருந்தே, கொழும்பில் ஏறுகிறமாதிரி, ரிக்கற் போட்டுவிட்டார்.

“எத்தினை மணித்தியாலமெண்டு எழுதித் தா பிள்ளை. நீதான் சரியாய்ச் சொல்லுவியாம்.”

ஜெனீற்றா எழுதினாள். எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறை, வள்ளத்தில் முக்கால் மணித்தியாலம். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம், சோதனையோடு இரண்டு மணித்தியாலம். அடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு. ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், கப்பலுக்குப் பதிய வேண்டும், பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பல் திருகோணமலைக்குப் போகும், அங்கிருந்து பஸ். கிலோமீற்றரில் பார்த்தால் நானூறு. அவள் பேனையைத் தூக்கினபடி இருந்தாள்.

“என்ன, எழுதன்?” என்றார் கத்தரீனா.

“இதை என்னாலை சொல்ல ஏலாது அம்மா.” அந்த வரியில் ‘தெரியாது’ என்று எழுதினாள். ‘கொழும்பிலிருந்து ரொறன்ரோ’ என்பதற்குக் கீழே இருபத்துமூன்றரை என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். “கொழும்புக்குப் போயிட்டியள் எண்டால் இது பிசகாது. ரிக்கற் திகதியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கோ, நான் மருமகனோடை கதைக்கிறன்.”

பக்கத்துக் கதிரையில் இருந்த மனோகரி அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். “கப்பலிலை நான் போனதில்லை. அதைப்பற்றி எனக்கும் தெரியாது,” என்றார்.

“கப்பலை எனக்கு விடுங்கோ,” என்றார் கத்தரீனா. “நான் வள்ளத்திலை பிறந்தனான். அந்தக் கக்கூசுக் கதவைப் பற்றிச் சொல்லுங்கோ.”

அவர் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடொன்றில் இருபத்தாறு நாள் காத்திருந்தார். இரண்டு தரம் ரிக்கற் திகதி மாறியது. ஒவ்வொரு தரமும் ஜெனீற்றா கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் மாறி மாறி எடுத்து, புதுத் தாள் எழுதி யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஆடிக் கடைசியில் கப்பலில் பெயர் வந்தது. பிறகு மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. நாலாம் நாள் திருகோணமலை தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் விமானம் ஏறிவிட்டதாக.

அடுத்த நாள் புதன்கிழமை. மனோகரி அம்மா வந்திருந்தார். பகல் பத்து மணிபோல ரெலிபோன் அடித்தது.

“பிள்ளை!” கத்தரீனாவின் குரல் மேசைக்கு வெளியிலும் கேட்டது. “வந்திட்டனடி. நேற்றே வந்திட்டன். இருவத்துமூண்டரை எண்டு போட்டிருந்தாய், மருமோன் எண்ணிப் பாத்தவர், இருவத்துநாலு.”

“அம்மா, மகள் எப்பிடி?”

“வயிறு பாளை மாதிரி இறங்கிட்டுது. இந்தக் கிழமை பிறக்கும். எனக்கு ஒரு சுகயீனமும் இல்லை. வெளியிலை இருட்டு, ஆனா எனக்கு நித்திரை வரேல்லை, பசிக்குது. அவள் எழும்பி எனக்குச் சோறு போடுறாள்.”

ஜெனீற்றா சிரித்தாள். “சாப்பிடுங்கோ அம்மா. உங்களுக்கு இப்ப பகல்தான். நாலைஞ்சு நாள் அப்பிடித்தான் இருக்கும்.”

மனோகரி அம்மா மேசைக்கு மேலால் குனிந்தார்.

“பிள்ளை, என்ன கறியெண்டு கேளும்.”

கேட்டாள். விளைமீன் குழம்பு என்று பதில் வந்தது. மனோகரி அம்மா முகத்தைச் சுளித்துவிட்டு, “நல்லாய்ச் சாப்பிடச் சொல்லும்” என்றார்.